அப்பா நட்ட மாமரத்த வண்டு தின்னுடுச்சு, இனி என்ன பண்றது?

சிங்கப்பூர் செரங்கூன் கார்டன் பக்கத்துலேர்ந்து ஒரு அக்கா நீளமா எழுதியிருக்காங்க. பேரு வேணாம்னு கேட்டாங்க, அதனால அடையாளம் தெரியற சில விவரத்த மாத்திட்டுச் சுருக்கமா சொல்றேன்.

வயசு 54. டெரஸ் வீடு. அப்பா ஹார்பர்ல வேல பாத்தவரு, 1976ல தம்பி பொறந்தப்ப தேக்கா மார்க்கெட்ல வாங்குன ஒரு மாம்பழத்தோட கொட்டைய வீட்டு முன்னாடி ஊனி வெச்சாரு. அது மரமாகி, சித்திரை வருஷப் பொறப்புக்குப் பச்சடி, ஊறுகாய், தெருவுல பாதி பேரு வீட்டுக்குத் தோரணத்துக்கு இலைனு ஓடிட்டு இருந்துச்சு, எதிர்வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) சம்பலுக்கு மாங்கா பறிச்சிட்டுப் போவாங்களாம். அப்பா இறந்து ஆறு வருஷம் ஆச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தம்பி கார் போர்ச்ச பெருசு பண்ணி, ரெண்டடி ஆழத்துக்குக் கான் (வாய்க்கால்) வெட்டி பைப் போட்டு, மரத்தோட அடி வரைக்கும் டைல்ஸ் ஒட்டியிருக்காரு. அதுக்கப்புறம் அந்தப் பக்கக் கிளை காய ஆரம்பிச்சுது. இந்த வருஷம் அடிமரத்துல ஓட்டை, கீழ மரத்தூள் குவியல். பெஸ்ட் கன்ட்ரோல் ஆளு வந்து கரையான்னு சொல்லி, மரத்துக்கு ஊசி போடணும் மூணு தடவ வரணும் 2,800 வெள்ளினு சொல்லி 500 அட்வான்ஸும் வாங்கிட்டுப் போயிட்டாரு. தஞ்சாவூர்ல இருக்கற சித்தப்பா மகன் வாட்ஸ்அப்ல, பெட்ரோல்ல பஞ்ச நனைச்சு ஓட்டைக்குள்ள அடைங்கனு சொல்லியிருக்காரு, அதையும் பண்ணிட்டாங்க. பக்கத்து வீட்டு அங்கிள், கிளை என் கார் மேல விழுந்தா நீங்கதான் பொறுப்புனு லெட்டர் எழுதி போஸ்ட் பாக்ஸ்ல போட்டுட்டாரு. தம்பி வெட்டிரலாம்ங்கறாரு. 81 வயசு அம்மா, காய்ச்ச மரத்த வெட்டுனா குடும்பத்துக்கு ஆகாதுனு அழறாங்க. அக்காவுக்கு என்னன்னா, அப்பா போனப்புறம் எரு வெக்கறத நான் விட்டுட்டேன், அதனாலதான் மரம் போச்சோனு ராத்திரி தூக்கம் வரல.

கேள்வி நாலு: மரம் பொழைக்குமா, இது யாரு தப்பு, வெட்ட கவர்மென்ட் அனுமதி வேணுமா, வெட்டுனா அம்மா தாங்குவாங்களா.

அக்கா, வணக்கம். நான் ஆர்பரிஸ்ட், அதாவது மரத்த ஏறிப் பாத்து தட்டிப் பாத்து இது நிக்குமா விழுமானு சொல்றதுதான் எனக்குப் பொழப்பு. போட்டோவ வெச்சு முடிவு சொல்றது சரியில்லனு தெரியும், நேர்ல ஒருத்தர் வந்து பாத்தே ஆகணும். ஆனா நீங்க பகல் வெளிச்சத்துல கிட்டக்கப் போயி பதினஞ்சு போட்டோ எடுத்து அனுப்பிருக்கீங்க, நெறைய பேரு தூரத்துலேர்ந்து ஒண்ணே ஒண்ணு அனுப்பிட்டு என்ன வியாதினு கேப்பாங்க, உங்க போட்டோவுல எனக்கு வேண்டியது எல்லாமே தெரியுது. அதனால சுத்தி வளைக்காம சொல்லிடறேன். இந்த மரத்தக் காப்பாத்த முடியாதுனுதான் நெனைக்கறேன். அதோட வம்சத்தக் காப்பாத்தலாம், அதுக்கு இன்னும் கொஞ்ச நாள் டைம் இருக்கு, அந்த வேலைய மொதல்ல பண்ணணும். வெட்டறதெல்லாம் அப்புறம்.

கரையான் இல்ல, வண்டு

பெஸ்ட் கன்ட்ரோல்காரர் சொன்னது பாதிதான் சரி. கரையான் வந்தா மண்ணுல குழாய் மாதிரி பாதை கட்டிக்கிட்டுத்தான் ஏறும், வெளிச்சத்துக்கு வராது. உங்க நாலாவது போட்டோவுல ஒரு பக்கம் பழைய மண்பாதை தெரியுது, இல்லேனு சொல்லல, ஆனா அது காஞ்சுபோன பக்கம். முழங்கால் ஒசரத்துல விரல் போற அளவு ஓட்டை, அதுலேர்ந்து நாரு நாரா ஈரமா வெளிய தள்ளியிருக்கற தூள், பட்டை பாளம் பாளமா உரிஞ்சு வர்றது, இதெல்லாம் தண்டு துளைப்பான் வேல. மாமரத்துக்குனே பேர் போன வண்டு அது, பட்டோசெரானு சொல்லுவாங்க, கட்டைவிரல் நீளத்துக்குச் சாம்பல் நெறத்துல நீண்ட கொம்பு மீசையோட இருக்கும், கழுத்துக்கிட்ட ரெண்டு ஆரஞ்சுப் பொட்டு. ராத்திரில பறக்கும், போர்ச் லைட்டுக்குக்கூட வரும். நீங்க பஞ்ச அடைச்சப்ப கீழ விழுந்துச்சுனு போட்டோ அனுப்புன வெள்ளப் புழு இதோட குஞ்சுதான்.

பொம்பள வண்டு பட்டையக் கீறி முட்டைய உள்ள வெச்சிட்டுப் போயிரும். புழு மொதல்ல பட்டைக்கு அடியிலயே தின்னுக்கிட்டுப் போகும், அப்புறம் மரத்துக்குள்ள எறங்கிரும், மாசக்கணக்குல, சில சமயம் வருஷத்துக்கும் மேல உள்ளயே இருக்கும். பட்டைக்கு அடியில ஒரு மெல்லிசான உயிர்ப் படலம் இருக்கு, அதுக்கு உள்பக்கம் வெள்ளக் கட்டை, வேர்லேர்ந்து தண்ணி மேல ஏர்றது அது வழியாத்தான். நடுவுல இருக்கற வைரம் உண்மையில செத்த கட்டை, அது பூரா போனாக்கூட மரம் உயிரோட இருக்கும், பெரிய பொந்து விழுந்த மரம் பச்சப்பசேல்னு நிக்கறதப் பாத்திருப்பீங்க. கரையானுக்குப் புடிச்சது பெரும்பாலும் அந்த நடுப்பகுதி. இந்தப் புழு தின்றது உயிர் இருக்கற பகுதிய. அடிமரத்த ஒரு சுத்து சுத்தி வந்துருச்சுனா மேல தண்ணி போகாது, அவ்வளவுதான். கரையான விட இவன் மோசமா இருக்கறது அதனாலதான்.

இன்னொரு விஷயம், நீங்க கேக்கவே இல்ல, ஆனா அதுதான் எனக்கு ரொம்பக் கவலை. ஒம்பதாவது போட்டோ. டைல்ஸ் ஓரத்துல, வேர் தொடங்கற எடத்துல, பழுப்பு நெறத்துல வார்னிஷ் அடிச்ச மாதிரி பளபளன்னு, ஓரம் மட்டும் வெள்ளையா, தட்டு மாதிரி ஒரு காளான் நீட்டிக்கிட்டு இருக்கே, அது பாக்கறதுக்கு கானோடெர்மா மாதிரி இருக்கு. உங்க சித்தப்பா மகன் தஞ்சாவூர்ல இருக்காருனு சொன்னீங்க, அவருக்கு இது நல்லாத் தெரிஞ்சிருக்கும், தென்னைக்கு வர்ற தஞ்சாவூர் வாடல் நோய்னு சொல்றது இந்த வகைதான், 1952 வாக்குல அந்தப் பக்கம் மொதல்ல கவனிச்சதால அந்தப் பேரு. இந்தக் காளான் வெளிய தெரியுதுன்னா உள்ள வேர் அழுக ஆரம்பிச்சு நாளாச்சுனு அர்த்தம். வண்டு மரத்தோட உயிரத்தான் எடுக்கும், இது மரத்தோட காலையே எடுத்துரும், மரம் மொத்தமா சாயறது இதனாலதான்.

உங்க தப்பா, தம்பி தப்பா

எரு வெக்கலங்கறதுக்காக அம்பது வருஷ மாமரம் சாகாது அக்கா. சிங்கப்பூர்ல ரோட்டோரம் நிக்கற மாமரத்துக்கெல்லாம் யாரு எரு வெக்கறா. அந்த நெனப்ப இன்னிக்கே விட்டுருங்க.

தம்பி விஷயம் கொஞ்சம் பாத்துப் பேசணும். மரத்தோட வேர் கிணறு மாதிரி ஆழமாப் போகும்னு நெறைய பேரு நெனைக்கறாங்க, அப்படி இல்ல, தண்ணியும் சத்தும் உறிஞ்சற சின்ன வேர்ல முக்காவாசி மேல ரெண்டடி மண்ணுக்குள்ளதான் இருக்கும், அகலத்துல கிளை பரவியிருக்கறத தாண்டியும் போகும். அதனால ஒரு பக்கம் ரெண்டடி ஆழத்துக்குக் கான் வெட்டுனா அந்தப் பக்க வேர் மொத்தமும் போச்சு, மேல டைல்ஸ் ஒட்டுனா மிச்சத்துக்கும் காத்தும் மழத்தண்ணியும் இல்ல. வேர அறுத்தா மரம் அன்னிக்கே சொல்லாது, ரெண்டு மூணு வருஷம் கழிச்சுத்தான் காட்டும். இப்படித் தளந்துபோன மரத்தத்தான் வண்டு தேடி வரும், பூட்டு ஒடஞ்ச வீட்டப் பாத்துத் திருடன் நுழையற மாதிரி. திருடனப் புடிச்சுக் கட்டிப் போட்டாலும் பூட்டு ஒடஞ்சதுதானே, அதனாலதான் வண்ட மட்டும் கொல்றதுக்கு 2,800 வெள்ளி செலவு பண்ணாதீங்கனு சொல்றேன்.

ஆனா இத எடுத்துக்கிட்டுப் போயி தம்பிக்கிட்ட சண்ட போடாதீங்க. நீங்க எழுதுனதுலயே ஒரு வரி இருக்கு, பத்துப் பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி அப்பாவே ஆள் வெச்சு மரத்தோட உச்சிய மொட்டையா வெட்டுனாருனு. அதுவும் பெரிய காயம். மனுஷத்தோல் மாதிரி மரம் காயத்த ஆத்திக்காது, அந்த எடத்த உள்ளேயே சுவர் கட்டி ஒதுக்கி வெச்சிட்டு மேல புதுசா வளரும், அமெரிக்காவுல அலெக்ஸ் ஷைகோங்கறவரு ஆயிரக்கணக்கான மரத்த அறுத்துப் பாத்து நிரூபிச்ச விஷயம் இது. மொட்டையடிச்ச எடம் அத்தனையும் சுவர் கட்ட முடியாத அளவு பெரிய காயம், அது வழியாவும் அழுகல் எறங்கியிருக்கும். ஆக அப்பாவும் பண்ணியிருக்காரு, தம்பியும் பண்ணியிருக்காரு, யாருக்கும் தெரிஞ்சு பண்ணது இல்ல. இந்த ஊர்ல ரெனோவேஷன் கான்ட்ராக்டருங்க எத்தனை பேரு, இங்க வெட்டுனா மரம் போயிடும் சார்னு சொல்லுவாங்கனு நெனைக்கறீங்க? எனக்கு அந்த ஆளுங்க மேலதான் கோவம் வருது.

ஊசி போட்டா பொழைக்காதா?

மரத்துக்கு ஊசி போடறது ஏமாத்து வேல இல்ல, நெசமாவே இருக்கற வைத்தியம்தான். அமெரிக்காவுல 2002ல மிச்சிகன் பக்கம் கண்டுபிடிச்ச ஒரு பச்ச வண்டு, எமரால்ட் ஆஷ் போரர்னு பேரு, கோடிக்கணக்குல ஆஷ் மரத்தக் கொன்னுருச்சு, அங்க எமாமெக்டின் பென்சோயேட் மருந்த அடிமரத்துல செலுத்தி நெறைய மரத்தக் காப்பாத்தியிருக்காங்க. ஆனா அங்கயே என்ன சொல்றாங்கன்னா, தழையில மூணுல ஒரு பங்குக்கு மேல போயிருச்சுனா மருந்து வேல செய்யறது சந்தேகம். ஏன்னா மருந்த மேல தூக்கிட்டுப் போறதே அந்த வெள்ளக் கட்டைதான், அது அறுந்துபோயிருந்தா மருந்து எது வழியா ஏறும்? உங்க மரத்துல இப்ப தழை இருக்கறது கால்வாசி. அதோட அடியில காளான் வேற. மூணு தடவ இல்ல முப்பது தடவ ஊசி போட்டாலும் அழுகுன வேர் திரும்ப வராது. மருந்து ஏறுன மரத்தோட மாங்காவ அம்மா பச்சடிக்குப் பறிப்பாங்களே, அதுவும் கூடாது.

ஊர்ல தோப்புக்காரங்க ஒரு கம்பிய கொக்கி மாதிரி வளைச்சு ஓட்டைக்குள்ள விட்டுப் புழுவ இழுத்து எடுப்பாங்க, அப்புறம் மருந்துல நனைச்ச பஞ்ச வெச்சு மண்ணால அடைப்பாங்க. ஆரம்பத்துல, ஒண்ணு ரெண்டு ஓட்டை இருக்கறப்ப, அது நல்ல முறைதான். உங்க சித்தப்பா மகன் அத மனசுல வெச்சுத்தான் சொல்லியிருப்பாரு, கெட்ட எண்ணம் இல்ல. ஆனா பெட்ரோல் வேண்டவே வேணாம். அது புழுவோட சேத்து சுத்தி இருக்கற உயிர்ப் படலத்தையும் கொல்லுது, தீப்புடிக்கற சாமானு வேற, கார் பக்கத்துல, அதுவும் சாமி விளக்கு ஏத்தற வீட்ல. நாலு ஓட்டைல வெச்சேன்னு சொல்றீங்க, அதனால மரம் போகல, பயப்படாதீங்க, ஆனா இனி வெக்காதீங்க. ஊர்லேர்ந்து யாராவது மருந்து பாட்டில சூட்கேஸ்ல வெச்சுக் கொண்டுவரேன்னு சொன்னாலும் வேண்டாம்னு சொல்லிருங்க, அங்க மரத்துக்குப் போடற சில மருந்து மனுஷனையே கொன்னுரும். யூடியூப்ல சொல்ற மாதிரி பொந்துக்கு சிமெண்ட் அடைக்கறதும் பழைய காலத்துப் பழக்கம், இப்ப யாரும் பண்றதில்ல, உள்ள ஈரம் தங்கி அழுகல்தான் கூடும், நாளைக்கு வெட்டறவனோட செயின்சா அதுல பட்டா ஆபத்து.

மரம் நிக்குமானு பாக்கறதுக்கு நாங்க வெச்சிருக்கற ஒரு கணக்கு இருக்கு, அடிமரத்தோட ஆரத்துல மூணுல ஒரு பங்காவது நல்ல கட்டையா மிஞ்சியிருக்கணும். சுத்தியலால தட்டிப் பாத்து ஆரம்பிப்போம், தேவைப்பட்டா மெல்லிசான ஊசி மாதிரி டிரில் விட்டோ, ஒலி அலை விட்டோ உள்ள எவ்வளவு பொந்துனு அளக்கற மெஷின் இருக்கு. உங்க வீட்டுக்கு வர்றவர்கிட்ட அடிமரத்த மட்டும் பாக்காம வேர் கழுத்தையும் பாக்கச் சொல்லுங்க, ஓரத்து டைல்ஸ் நாலஞ்ச பேத்துத்தான் பாக்க முடியும், தம்பிக்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருங்க. ஐஎஸ்ஏ, அதாவது மர நிபுணர்களோட சர்வதேசச் சங்கம், குடுக்கற சான்றிதழ் இருக்கற ஆர்பரிஸ்ட்டா பாத்துக் கூப்பிடுங்க. மரம் வெட்டற கம்பெனி இலவசமா வந்து பாக்கறேன்னு சொன்னா அவங்க என்ன சொல்லுவாங்கனு உங்களுக்கே தெரியும்.

பாக்க நல்லா இருக்கேனு நம்பிடக் கூடாதுங்கறதுக்கு இங்கயே ஒரு சம்பவம் இருக்கு. 2017 பிப்ரவரில பொட்டானிக் கார்டன்ல 270 வருஷத்துக்கு மேல நின்ன தெம்புசு மரம், ஹெரிட்டேஜ் ட்ரீ பட்டியல்ல இருந்தது, ஒழுங்கா செக் பண்ணிக்கிட்டு வந்தது, வேரோட சாஞ்சு ஒரு பெண்மணி இறந்துட்டாங்க. உங்க மரம் பாக்கவே நல்லா இல்ல. விடியக்காலைல திடீர்னு மழையோட சுமத்ரா காத்து அடிக்கும் பாருங்க, அந்த மாதிரி ஒரு நாள் போதும். அதனால இன்னிலேர்ந்து அந்தப் பக்கம் கார் நிறுத்தாதீங்க, கீழ துணி காயப் போடாதீங்க, அம்மா சாயங்காலம் உக்கார்ற அந்த பெஞ்ச வேற எடத்துக்கு மாத்திருங்க.

அனுமதியும் பக்கத்து வீட்டு அங்கிளும்

எல்லா மரத்துக்கும் என்பார்க்ஸ், அதாவது தேசியப் பூங்காக் கழகத்தோட, அனுமதி வேணும்ங்கறது பரவலா இருக்கற தப்பான நெனப்பு. சட்டம் என்ன சொல்லுதுன்னா, சுத்தளவு ஒரு மீட்டருக்கு மேல இருக்கற மரம் மரப் பாதுகாப்பு வட்டாரத்துக்குள்ள இருந்தாலோ காலி நெலத்துல இருந்தாலோ அனுமதி இல்லாம வெட்டக் கூடாது. அந்த வட்டாரம் ரெண்டே ரெண்டுதான், சாங்கி பக்கம் ஒண்ணு, தங்ளின் புக்கிட் தீமானு நடுப்பகுதில ஒண்ணு. மீறுனா 50,000 வெள்ளி வரைக்கும் அபராதம் போடலாம், சும்மா பேச்சுக்கு இல்ல, 2002ல சாங்கில ஒரு அபூர்வமான பழைய செங்கால் மரத்த வெட்டுன கம்பெனி, அபராதமும் இழப்பீடுமா சேத்து 80,000 வெள்ளிக்கு மேல கட்டுச்சு. செரங்கூன் கார்டன் அந்த வட்டாரத்துல வராது, மரமும் உங்க கேட்டுக்கு உள்ள இருக்கு, அதனால உங்க சொந்த முடிவுதான். இருந்தாலும் என்பார்க்ஸ் வரைபடத்துல உங்க முகவரியப் போட்டுப் பாத்துருங்க. கேட்டுக்கு வெளிய புல்தரைல இருக்கற மரம்னா கதையே வேற, அது அரசாங்கத்தோடது, ஒரு கிளையக்கூடத் தொடக் கூடாது.

அங்கிள் எழுதுன லெட்டர மிரட்டலா எடுத்துக்காதீங்க. நான் வக்கீல் இல்ல, ஆனா இந்த மாதிரி கேஸ்ல ரிப்போர்ட் எழுதிக் குடுத்துப் பழக்கம் இருக்கறதால சொல்றேன். நல்லா இருக்கற மரம் திடீர்னு காத்துல விழுந்தா ஒரு மாதிரி, ஆபத்துனு தெரிஞ்சும் சும்மா இருந்து விழுந்தா வேற மாதிரி. அவரு எழுத்துல சொல்லிட்டாரு, பெஸ்ட் கன்ட்ரோல் ஆளும் சொல்லிட்டாரு, இப்ப நானும் சொல்லிட்டேன், இனி தெரியாதுனு சொல்ல முடியாது. அவரோட எல்லைக்குள்ள நீட்டற கிளைய அவரு எல்லைக்கோடு வரைக்கும் வெட்டிக்கலாம், உங்க வீட்டுக்குள்ள வந்து வெட்ட முடியாது. நான் என்ன சொல்வேன்னா நாளைக்கே அவரு வீட்டுக்குப் போயி, ஆர்பரிஸ்ட் வர்ற தேதியச் சொல்லி, அதுவரைக்கும் கார கொஞ்சம் தள்ளி நிறுத்த முடியுமானு கேட்டு, பேசுனதையே ஒரு வாட்ஸ்அப் மெசேஜாவும் போட்டு வெச்சிருங்க. பேச்சு முறிஞ்சா கம்யூனிட்டி மீடியேஷன் சென்டர் இருக்கு, கோர்ட்டுக்குப் போற அளவு விஷயம் இல்ல இது. வீட்டு இன்ஷூரன்ஸ் பேப்பரையும் எடுத்துப் பாருங்க, அடுத்தவங்க பொருளுக்கு ஆகற சேதத்துக்கு கவர் இருக்கானு.

வெட்டறதுக்கு முன்னாடி ஒட்டு

இப்ப நான் மொதல்ல சொன்ன வேலைக்கு வர்றேன். கடைசியா விழுந்த மாங்கா ஒண்ணுலேர்ந்து கொட்டை எடுத்து வெச்சிருக்கேன், அதப் போட்டா அதே மரம் வந்துருமானு கேட்டிருக்கீங்க. வரலாம், வராமலும் போகலாம். இந்தோனேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் பக்கத்து மாம்பழ ரகத்துல பெரும்பாலும் ஒரே கொட்டைலேர்ந்து ரெண்டு மூணு முளை வரும், அதுல அனேகமா தாய் மரம் அப்படியே இருக்கும். நம்ம ஊர் மல்கோவா, பங்கனப்பள்ளி மாதிரி இந்திய ரகத்துல பெரும்பாலும் ஒரு முளைதான், அது தாய் மாதிரி இருக்காது, பழம் வேற ருசில வரும். அப்பா வாங்குன பழம் எந்த ஊர்லேர்ந்து வந்ததுனு இப்ப யாருக்குத் தெரியும். கொட்டையப் போடுங்க, நாலு முளை எட்டிப் பாத்தா சந்தோஷம், ஆனா அத மட்டும் நம்பி இருக்காதீங்க.

அதே மரம், அதே புளிப்பு வேணும்னா ஒட்டுதான் வழி. தெருப்பக்கம் இன்னும் பச்சையா இருக்கற அந்த ஒரு கிளை இருக்கே, அதுல பென்சில் மொத்தத்துக்கு இருக்கற நுனிக்கொம்பா பாத்து, ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே இலைய மட்டும் கிள்ளிருங்க, காம்பு கொஞ்சம் இருக்கட்டும். நுனி மொட்டு பருத்து வரும், வெடிக்கறதுக்கு முன்னாடி ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ஈரத் துணில சுத்தி, அன்னிக்கே ஒட்டுக் கட்டணும். வேர்ச்செடிக்கு எந்த மாங்கன்னா இருந்தாலும் பரவால்ல, நர்சரில கெடைக்கும், தண்டு அதே மொத்தத்துல இருந்தா நல்லது. ஆப்பு மாதிரி சீவி, பிளந்து, சொருகி, பிளாஸ்டிக் டேப்பால இறுக்கிக் கட்டி, மேல ஒரு சின்ன பிளாஸ்டிக் பைய கவுத்து நெழல்ல வெச்சா மூணு நாலு வாரத்துல துளிர்க்கும். கை பழக்கம் இல்லேன்னா நர்சரிலயே கேட்டுப் பாருங்க, கம்யூனிட்டி கார்டன்ல மலாய் அங்கிள், சைனீஸ் அங்கிள் யாராவது ஒட்டுக் கட்டறதுல கெட்டிக்காரங்களா இருப்பாங்க, நூறு வெள்ளி ஆர்பரிஸ்ட்ட விட அவங்க கை ராசியா இருக்கும், நானே என் வேலைக்கு அவங்களத்தான் கூப்பிடுவேன். மரம் பலவீனமா இருக்கறதால நெறைய போகும், அதனால பத்துக்குக் கொறையாம கட்டுங்க. வண்டு நுனிக்கொம்பு வழியாத் தொத்தாது, அந்தப் பயம் வேணாம். ஒண்ண எதிர்வீட்டு மக்சிக்குக் குடுங்க, ஒண்ண தம்பிக்கிட்ட குடுங்க, எல்லாத்தையும் ஒரே எடத்துல வெக்காதீங்க.

புதுக் கன்ன அதே குழில நடாதீங்க, காளான் அந்த மண்ணுலயும் மிஞ்சுன வேர்லயும் இருக்கும். ரெண்டு வருஷம் பெரிய தொட்டியில வளத்துட்டு வீட்டோட இன்னொரு பக்கம் வெச்சுக்கலாம். பழைய எடத்துல கறிவேப்பிலை வெக்கலாம். பலா, அத்தி வேணாம், அந்த வண்டுக்கு அதுவும் புடிக்கும்.

வெட்டற அன்னிக்கு

கொறஞ்ச ரேட் சொல்றவன வெக்காதீங்க. உள்ள பொந்தான மரத்துல ஏணி சாத்தி ஏறி வெட்டறது உயிரோட வெளயாடற வேல, இன்ஷூரன்ஸ் இருக்கற கம்பெனியா, முடிஞ்சா லிஃப்ட் வண்டி கொண்டுவந்து மேலேர்ந்து துண்டு துண்டா எறக்கறவங்களா பாருங்க. வேல பாக்க வர்ற தம்பிங்க நம்ம ஊர்லேர்ந்து வந்த பிள்ளைங்களாத்தான் இருப்பாங்க, அவங்களுக்கு ஹெல்மெட் பெல்ட் இருக்கானு நீங்களும் ஒரு கண்ணு பாத்துக்கோங்க. அடிக்கட்டைய விட்டுட்டுப் போகாம அரைச்சு எடுக்கச் சொல்லி முன்னாடியே கொட்டேஷன்ல எழுதிக்கோங்க, காளானுக்காகவும்தான், அந்தப் பொந்துல மழத்தண்ணி நின்னா ஏடிஸ் கொசு முட்டையிட்டு சுற்றுப்புற வாரியம் என்இஏகிட்ட அபராதம் கட்ட வேண்டி வரும்ங்கறதுக்காகவும்தான். உடனே எடுக்க முடியலேன்னா மணல் போட்டு நெரப்பிருங்க.

வெட்டுன கட்டைய முத்தத்துல அடுக்கி வெக்கவே கூடாது. உள்ள இருக்கற புழு வெட்டுன கட்டைலயும் வளந்து வண்டாகி வெளிய வரும், தெருவுல மிச்சம் இருக்கற மாமரத்துக்குப் போகும். அன்னிக்கே அள்ளிட்டுப் போகச் சொல்லுங்க. அம்மாவுக்கு ஒரு மணை செஞ்சு குடுக்கணும்னு ஆசைப்படறீங்க, நல்ல யோசனை, மேல் கிளைல கெட்டியா இருக்கற ஒரு துண்ட மட்டும் எடுத்து, சூளைல காய வெக்கற மரப் பட்டறைக்கு அன்னிக்கே அனுப்புங்க, கட்டையோட நடுப்பகுதி 56 டிகிரில அரை மணி நேரம் இருந்தா புழு முட்டை எல்லாம் செத்துரும், கப்பல்ல போற மரப்பெட்டிக்கெல்லாம் உலகம் பூரா இதுதான் விதி.

அம்மா விஷயம் நான் சொல்லி ஆகப்போறதில்ல, ஆனா என் அனுபவத்துல வயசானவங்களுக்குத் தெரியாம அவங்கள மகள் வீட்டுக்கு அனுப்பிட்டு வெட்டறதுதான் ரொம்ப மோசமா முடியும். திரும்பி வந்து வெறும் தரையப் பாத்தாங்கன்னா அத மன்னிக்க மாட்டாங்க. ஒரு நாள் காலைல அம்மாவக் கூட்டிட்டுப் போயி அந்தத் தட்டுக் காளானக் காட்டுங்க, அடிமரத்தத் தட்டி அந்தச் சத்தத்தக் கேக்க வைங்க. காய்ச்ச மரத்த வெட்டக் கூடாதுனு பெரியவங்க சொன்னது உயிரோட இருக்கற மரத்துக்கு, இது வெட்டலேன்னாலும் விழப்போற மரம்னு அவங்களே புரிஞ்சுப்பாங்க. மனசு கேக்கலேன்னா கோயில் ஐயர்கிட்ட கேட்டு மரத்துக்கு மஞ்ச குங்குமம் வெச்சுக் கும்பிட்டுட்டு வெட்டலாம், அதுக்கெல்லாம் நான் தடை சொல்ல மாட்டேன், நாள் பாக்கறேன்னு மூணு மாசம் தள்ளாம இருந்தா சரி. அதுக்கு முன்னாடி ஒட்டுக் கட்டுன தொட்டி ஒண்ணு துளிர் விட்டு அவங்க கண்ணு முன்னாடி இருக்கட்டும்னுதான் அந்த வேலைய மொதல்ல சொன்னேன். உங்களுக்கே ரொம்ப நாளைக்குத் தூக்கம் வரலேன்னா பாலிகிளினிக்ல டாக்டர்கிட்ட சொல்லுங்க, மரத்துக்காகவானு யாரும் சிரிக்க மாட்டாங்க, அப்பா போன துக்கமும் அதுல சேந்துதான் இருக்கும்னு எனக்குத் தோணுது.

அப்புறம் அந்த 500 வெள்ளி அட்வான்ஸ். ஊசி இன்னும் போடல, வேல ஆரம்பிக்கலனு சொன்னீங்க. வேற ஆர்பரிஸ்ட்டோட ரிப்போர்ட் கைக்கு வந்ததும், கரையான்னு சொன்னது சரியில்ல, வேல வேண்டாம், அட்வான்ஸத் திருப்பிக் குடுங்கனு ஈமெயில்ல எழுதுங்க, போன்ல பேசாதீங்க. கையெழுத்துப் போட்ட பேப்பர்ல அட்வான்ஸ் பத்தி என்ன எழுதியிருக்குனு மொதல்ல படிச்சுப் பாருங்க. பதில் வரலேன்னா பயனீட்டாளர் சங்கத்துல (CASE) புகார் குடுக்கலாம், அதுக்கும் மசியலேன்னா ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றம் இருக்கு, 20,000 வெள்ளி வரைக்கும் அங்க பாப்பாங்க, வக்கீல் தேவையில்ல.